ட்ரிம்மரக்கா ஜெயித்த நாலு புகார்கள்

'நடுத்தர அளவு விற்பனை நிறுவனம். பணியாளர்கள்: நான்கு முதல் ஒன்பது பேர். கிடங்கு வசதி: உண்டு. திரும்பி வரும் சரக்கைச் சோதிக்கத் தனிப்பிரிவு: உண்டு. மோசடிகளைக் கண்டறியும் திறன்: மிக உயர்ந்த நிலை.'

இணையச் சந்தையில் ட்ரிம்மரக்காவின் கடைப் பக்கத்தைத் திறந்தால் மேலே இப்படித்தான் போட்டிருந்தது. இதில் எந்த வரியையும் பொய் என்று சொல்லிவிட முடியாது. உண்மை என்று சொல்லவும் நாக்கு கூசும். விண்ணப்பத்தில் பணியாளர் எண்ணிக்கைக்கு இருந்த கட்டங்களிலேயே சிறியது நான்கு முதல் ஒன்பது. அக்கா தன்னை எண்ணினார், வீட்டுக்காரரை எண்ணினார், வாரத்துக்கு இரண்டு முறை வந்து குறை சொல்லிவிட்டுப் போகும் நாத்தனாரையும் எண்ணினார். மூன்றுதான் வந்தது. நாத்தனார் இரண்டு ஆள் பேச்சைப் பேசுபவர் என்பதால் நான்கு என்று மனசாட்சியைச் சமாதானம் செய்துகொண்டார். கிடங்கு என்பது கட்டிலுக்கு அடியில் இருந்த இடம். தனிப்பிரிவு என்பது சின்ன அறையின் சன்னலோரம் போட்டிருந்த மேசை. ஒரு கால் ஆடும், அதற்கு அடியில் மடித்த அட்டை.

கடைசி வரியை மட்டும் அக்கா எழுதவில்லை. அது சந்தையை நடத்தும் கம்பெனியின் கம்ப்யூட்டர் தானாகவே சூட்டிய பட்டம்.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஒரு சலூனில் முடி வெட்டியவர். வலது மணிக்கட்டு பழுதாகி, கத்தரிக்கோலை விரித்தால் மூட முடியாது என்ற நிலை வந்ததும் வேலையை விட்டார். ஆனால் அந்த இருபத்திரண்டு வருடத்தில், நின்றுபோன முடிவெட்டும் மெஷினைத் திறந்து ஓட வைக்கும் வித்தை கைக்கு வந்திருந்தது. சலூன்கள் தூக்கிப் போடும் பழைய ட்ரிம்மர்களை மொத்தமாக வாங்குவார். உள்ளே அடைந்த முடியை ஊதி எடுத்து, தேவைப்பட்டால் பிளேடைச் சாணை பிடித்து, எண்ணெய் விட்டு, இரண்டு திருகை முடுக்கி, இணையத்தில் விற்பார். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருடம் கண்ணாடித் துண்டுகளையும் குழாய்களையும் கழுவித் துடைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஓய்வூதியம் வாடகைக்குச் சரியாக இருந்தது. மற்றதெல்லாம் கட்டிலுக்கு அடியிலிருந்துதான் வர வேண்டும்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருடம், 'பிடிக்கவில்லை' என்று ஒருவர் திருப்பி அனுப்பிய பெட்டியைத் திறந்தால், உள்ளே துணி சோப்பு இருந்தது. எடை மட்டும் கிராம் சுத்தமாகச் சரி. அந்த நேர்த்தியை அக்காவால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. இது நீங்கள் அனுப்பிய பொருள் அல்ல என்பதற்கு என்ன ஆதாரம் என்று கம்பெனி கேட்டது. 'நான் சோப்பு விற்பதில்லை' என்று அக்கா எழுதினார். விளக்கம் போதுமானதாக இல்லை என்று பதில் வந்து, புகார் தோற்றது. அடுத்து ஒருவர் அக்காவின் மெஷினை வைத்துக்கொண்டு, அதே பிராண்டின் அதே மாதிரியில் தன்னுடைய செத்துப்போன மெஷினைத் திருப்பி அனுப்பினார். ஒரே மாதிரி இருக்கும் இரண்டில் எது உங்களுடையது என்ற கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. அதுவும் தோற்றது.

ஒரு வருடத்துக்குள் மூன்று புகார் தோற்றால் கடையை மூடிவிடுவார்கள், மறுபடி திறக்க முடியாது. அக்காவுக்கு இரண்டு தோற்றாயிற்று.

அப்போதுதான் புள்ளி வைக்கும் யோசனை வந்தது. சலூனை விட்டு வரும்போது கொண்டுவந்த நெயில் பாலிஷ் குப்பிகள் வீட்டில் கிடந்தன. பிளேடைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், மெஷினின் உடம்பில் ஒரு சின்னப் புள்ளி. ஒரு மாதம் நீலம், ஒரு மாதம் பச்சை. சிவப்புக் குப்பி பெரியது என்பதால் சிவப்புக்கு இரண்டு மாதம். புள்ளியை, ஆர்டர் எண் எழுதிய சீட்டோடு சேர்த்துப் படம் எடுத்துவிட்டுத்தான் மூடுவார். திரும்பி வந்ததும் முதல் வேலையாக இரண்டு திருகைக் கழற்றுவார். புள்ளி இருந்தால் நம்முடையது. இல்லையென்றால் புகார்.

நீல மாதத்தில் திரும்பி வந்தவற்றில் நீலம் இருந்தது. பச்சையில் பச்சை இருந்தது. சிவப்பு மாதங்களில்தான் உலகம் கெட்டுப்போனது. திரும்பி வந்த நாலு மெஷின்களில் நாலிலும் புள்ளி இல்லை. அனுப்பும்போது எடுத்த படத்தையும், வந்தபின் எடுத்த படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அக்கா நாலு புகார் போட்டார். நாலும் ஜெயித்தது. வாங்கியவர்களுக்குப் பணம் மறுக்கப்பட்டது, அவர்களுடைய கணக்குகள் முடக்கப்பட்டன. அக்காவுக்குப் பட்டம் வந்தது.

"நாலுக்கு நாலு திருடனுங்களா?" என்றார் நாத்தனார். "ஏன் அண்ணி, உலகத்துல ஒரு நல்லவன்கூட கிடையாதா?"

"இருப்பான். அவன் ட்ரிம்மர் வாங்குறதில்ல."

"அப்ப தாடியோட சுத்துறானா?"

அக்கா சிரித்தார். ஆனாலும் நாலுக்கு நாலு என்பது அவருக்கும் லேசாக உறுத்தியது. ஜெயித்தவர்களுக்கு அதிகம் உறுத்தக் கூடாது என்பதால் அந்த மட்டோடு விட்டுவிட்டார்.

நாலாவது புகார் ஜெயித்து ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி வாக்கில் ஒரு போன் வந்தது. பார்சலில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பேசுவதாகச் சொன்ன ஒருவர், தன் ஆர்டர் எண்ணைக் கொடுத்தார். தனக்கு ஒரே நாற்காலி போட்ட சலூன் என்றார்.

"மேடம், நான் சண்டை போட போன் பண்ணல. நான் திருப்பி அனுப்புனது நீங்க அனுப்புன அதே மெஷின்தான். அத மட்டும் சொல்லிடலாம்னு."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க."

"கரெக்டு மேடம். திருடியிருந்தா நானும் இதேதான் சொல்லுவேன். அதனால அத விடுங்க. மெஷின்ல குத்தம் இல்ல. எங்கிட்ட ரொம்ப வருஷமா வர்ற பெரியவர் ஒருத்தர், காதுக்குள்ள கேக்குற கருவி வெச்சிருக்காரு. இது ஓடுனா அவருக்கு உள்ள கீய்ங்னு கேக்குதாம். அவரு பாவம் நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு. அதுக்காகத்தான் திருப்புனேன்."

"சரிங்க, ஆனா..."

"ஒண்ணு மட்டும் கேக்கணும். பிளேடு சாணை புடிச்சது யாரு?"

"ஏன்?"

"நல்ல கை மேடம். ஆனா இடது ஓரத்துக் கடைசிப் பல்லு மட்டும் ஒரு நூல் குட்டை. பின்கழுத்துல கோடு போடும்போது தெரிஞ்சுது. புடிச்சவங்களுக்கு மணிக்கட்டுல ஏதாச்சும் தொந்தரவா?"

அக்காவின் வலது கை தானாகவே மேசைக்கு அடியில் போனது. சாணைக் கல்லில் பிளேடை அழுத்தும்போது மணிக்கட்டு இடது பக்கம் சாய்ந்துவிடும். கடைசிப் பல் ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்துவிடும். இது அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார்.

அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மெஷினை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இடது ஓரம், கடைசிப் பல், ஒரு நூல் குட்டை. பிளேடு அவருடையது. பிளேடைக் கழற்றினார். புள்ளி இல்லை. மெஷின் அவருடையது அல்ல.

இங்கேதான் அக்காவுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அக்காவின் பிளேடை எடுத்துத் தன் மெஷினில் மாட்டித் திருப்பி அனுப்பினானா? பிளேடுதானே மதிப்புள்ள பொருள், எந்த மடையன் அதைத் திருப்பித் தருவான்? ஒருவேளை அக்காவிடமே சில மாதம் முன்பு வாங்கிய வேறொரு மெஷினாக இருக்குமோ? அப்படியானால் அதிலும் ஏதோ ஒரு நிறத்தில் புள்ளி இருக்க வேண்டுமே. புள்ளியைக் கண்டுபிடித்துச் சுரண்டிவிட்டானோ? தன்னைத் திருடன் என்று சொல்ல வைப்பதற்காக ஒரு மனிதன் இவ்வளவு மெனக்கெடுவானா? ஒவ்வொரு யோசனையும் வாசல் வரை வந்து திரும்பிப் போனது. மற்ற மூன்று மெஷின்களையும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். இரண்டாவதிலும் பல் குட்டை. மூன்றாவதில் பற்கள் ஒரே சீர். ஆனால் நல்ல நிலையில் வந்த பிளேடுகளை அவர் சாணை பிடிப்பதே இல்லை, எனவே அது எதையும் சொல்லவில்லை. நாலாவது துருப்பிடித்து, ஏதோ பிசுக்கு எண்ணெய் நாற்றம் அடித்தது. அதை அவர் அனுப்பியிருக்கவே மாட்டார். ஆனால் 'அனுப்பியிருக்கவே மாட்டேன்' என்பதைப் படம் எடுத்து அனுப்ப முடியாது.

வீட்டுக்காரர் டீயோடு உள்ளே வந்தார்.

"ஏங்க, நீங்க இந்த மெஷினையெல்லாம் தொட்டீங்களா?"

"நான் எதுக்குத் தொடுறேன்? பேக் பண்றதுக்கு முன்னாடி தொடைப்பேன், அவ்வளவுதான்."

"வெளிய தொடைப்பீங்க."

"உள்ளயும்தான். 'உள்ளே முடி இருந்தது'ன்னு ஒருத்தன் எழுதி நம்ம மானத்த வாங்குனான்ல? அதுலேர்ந்து பிளேடக் கழட்டி ஒரு தடவ பாத்துட்டுத்தான் மூடுறது. எங்க லேபுல எல்லாம் ரெண்டு தடவ பாப்போம்."

"உள்ள எதத் தொடைச்சீங்க?"

வீட்டுக்காரர் டம்ளரை வைத்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தினார். "ரத்தத்த."

"எந்த ரத்தத்த?"

"ஒவ்வொண்ணுலயும் அடியில ஒட்டிக்கிட்டு இருந்துச்சும்மா. என்ன சலூனோ, எத்தன பேரு காத வெட்டுனானுங்களோ. உங்கிட்ட சொன்னா அந்த மெஷினத் தொடவே மாட்டன்னு நானே சத்தம் போடாம சுத்தம் பண்ணிட்டேன். சாதாரண ஸ்பிரிட்டுக்குப் போகல. உன் பழைய பையில நகத்தத் தொடைக்கிற மருந்து இருந்துச்சு பாரு, அதுல சட்டுனு போயிடுச்சு."

"அது ரத்தம் இல்லங்க. நெயில் பாலிஷ். நான் வெச்சது."

கோபமோ வெட்கமோ அவர் முகத்தில் இல்லை. ரொம்ப நாளாக விடை கிடைக்காத ஒரு கணக்குக்கு விடை கிடைத்த நிம்மதி. "அதான் காஞ்சும் கருக்கல," என்றார்.

"முப்பது வருஷம் ரத்தத்தையே பாத்தவரு!"

"பாத்தேன். எங்க லேபுக்கு நெயில் பாலிஷ் வந்ததில்லையே."

"நீலமும் பச்சையும் இருந்துச்சே, அத ஏன் விட்டீங்க?"

"அது ரத்தம் இல்லைன்னு தெரிஞ்சுதே. அத எதுக்குத் தொடைக்கணும்?"

புள்ளி வைப்பதைக் கணவரிடம் சொல்லாதது ஏன் என்று அக்கா தன்னையே கேட்டுக்கொண்டார். ரகசிய அடையாளம் என்பதால் சொல்லவில்லை. துடைப்பதை அவர் ஏன் சொல்லவில்லை? ரகசியமாகச் செய்ததால். ஒரே மேசையில், ஒரே மெஷினுக்கு, ஒருவர் வைக்க ஒருவர் அழிக்க, இரண்டு பேரும் பொறுப்பாகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள்.

சிவப்பு மாதங்களில் எல்லாவற்றையும் துடைத்தீர்களா என்று கேட்டுப் பார்த்தார். தன் கைக்கு வந்ததையெல்லாம் துடைத்ததாகச் சொன்னார். அவர் தங்கச்சி வீட்டுக்குப் போன நாட்களில் அக்காவே பேக் செய்திருந்தார். எந்த நாளில் எது போனது என்பது இரண்டு பேருக்கும் நினைவில்லை. முதல் இரண்டும் தன்னுடையவை என்பது நிச்சயம். மூன்றாவது தெரியாது. நாலாவது மோசடி, ஆனால் மோசடி என்று நிரூபித்த ஆதாரமே இப்போது பொய்யாகிவிட்டது. மோசடியே செய்யாதவர்களை ஆதாரத்தோடு பிடித்திருந்தார். மோசடி செய்தவனைப் பிடித்ததும் அதே ஆதாரத்தோடுதான்.

மதியம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"சொல்லுங்க மேடம், எப்படி உதவலாம்?"

"நாலு புகார்ல ஜெயிச்சுட்டேம்மா."

"வாழ்த்துகள் மேடம்."

"அதான் பிரச்சினை. அதுல தப்பு இருக்கு. ரெண்டு பேரு நிச்சயமா ஒண்ணும் பண்ணல."

எதிர்முனையில் விசைப்பலகை சத்தம் நின்றது. "நீங்க மேல்முறையீடு பண்ணணுமா மேடம்?"

"ஆமா."

"தோத்தவங்கதான் மேல்முறையீடு பண்ண முடியும். நீங்க ஜெயிச்சவங்க."

"அப்ப அவங்களப் பண்ணச் சொல்லுங்க."

"அவங்க கணக்கு முடக்கியிருக்கு மேடம். உள்ள வர முடியாது. உள்ள வந்தாத்தான் பண்ண முடியும்."

"அப்ப யாருதாம்மா பண்றது?"

அந்தப் பெண் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். "புகாரை நீங்களே திரும்பப் பெறலாம் மேடம். அவங்களுக்குப் பணம் போயிடும், கணக்கும் திறந்துடும். ஆனா உங்க பக்கம் அது தோத்த புகாராத்தான் சேரும். ஏற்கெனவே ரெண்டு இருக்கு."

"ஒண்ணே ஒண்ணு மட்டும் திரும்ப வாங்குனா?"

"மூணு ஆயிடும். கடை மூடிடும் மேடம்."

"நாலும் வாங்குனா?"

"அப்பவும் மூடிடும். ஒரு தடவதான் மேடம் மூட முடியும்." அது நக்கலாகச் சொல்லப்பட்டதா, ஆறுதலாகச் சொல்லப்பட்டதா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. "வேற ஏதாவது உதவி வேணுமா?"

சாயங்காலம் நாத்தனார் வந்தார். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, முதலில் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"ரத்தம்னு நெனச்சியா அண்ணே?"

"செவப்பா இருந்துச்சு."

"உன் சட்டகூடத்தான் செவப்பா இருக்கு."

"நான் வேணா எழுதித் தர்றேன். தப்பு என்னோடதுன்னு. மெஷின் அடியில இருந்த ரத்தத்த நான்தான் தொடைச்சு அழிச்சேன்னு..."

"எழுது. கம்பெனிக்காரன் வர மாட்டான், போலீஸ்காரன் வருவான்." பிறகு அக்காவிடம் குரலை மாற்றிக்கொண்டு பேசினார். "அண்ணி, நான் சொல்றதக் கேளுங்க. அந்த சலூன்காரருக்கு மட்டும் நல்ல மெஷினா ஒண்ணு பாத்து, தனியா அனுப்பிடுங்க. பணமும் நீங்களே குடுத்துடுங்க. மத்ததுக்கு வாயத் தொறக்காதீங்க. கடை போச்சுன்னா என்ன பண்ணுவீங்க? இந்தக் கையோட மறுபடி கத்தரி புடிப்பீங்களா?"

நாத்தனார் சொல்வதில் நியாயம் இருப்பது அபூர்வம். இருக்கும்போது தட்ட முடிவதில்லை. அக்கா அப்போதே சலூன்காரருக்குப் போன் செய்து, தவறு தங்கள் பக்கம்தான் என்று சொல்லி, மெஷினும் பணமும் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"மெஷின் வேணாம் மேடம்," என்றார் அவர். "பணம்கூட மெதுவா வரட்டும். அந்தப் பேர மட்டும் எடுத்துவிட முடியுமா? என் கணக்குக்குள்ள போனா 'மோசடி காரணமாக முடக்கப்பட்டது'ன்னு வருது. என் பொண்ணுதான் எனக்கு ஆர்டர் போட்டுக் குடுப்பா. அவ படிச்சுட்டா. ஒண்ணும் கேக்கல. அதான் சங்கடமா இருக்கு."

அக்கா போனை வைத்ததும் நாத்தனார், "என்ன சொன்னாரு?" என்றார்.

"மெஷின் வேணாமாம்."

"நல்லதாப் போச்சு. மிச்சம்."

அக்கா இரண்டாவது மெஷினை எடுத்து மறுபடியும் பார்த்தார். இதை அனுப்பியவர் போன் செய்யவில்லை. பிளேடின் பல்லைப் பற்றித் தெரியாத ஆளாக இருக்கலாம். மகனுக்கு வீட்டிலேயே முடிவெட்டப் பார்த்து, சரிவராமல் திருப்பி அனுப்பியவராக இருக்கலாம். சலூன்காரருக்காவது வாதாட ஒரு பல் இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை. தன்னைத் திருடன் என்று ஒரு கம்பெனி ஏன் சொல்கிறது என்று புரியாமலேயே எங்கோ இருப்பார். மூன்றாவது ஆளும் அப்படியா, இல்லை ஏமாற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டிருப்பவனா? நாலாவது ஆள் சிரிக்கிறான் என்பது நிச்சயம். அவனுக்கும் சேர்த்துப் பணம் திரும்பப் போகுமா? அவனை மட்டும் விட்டுவிட்டு மூன்று பேரை எடுத்தால் என்ன? ஆனால் அந்தப் புகாருக்கும் ஆதாரம் அதே புள்ளிதானே. புள்ளியை நம்ப முடியாது என்று மூன்று முறை எழுதிவிட்டு, நாலாவது முறை அதே புள்ளியை நம்பச் சொல்வதா?

"நாலாவதுகாரன் திருட்டுப்பய," என்று சத்தமாகவே சொன்னார்.

"அப்ப அவன விடாதீங்க," என்றார் நாத்தனார்.

"நிரூபிக்க முடியல."

"அதான் ஏற்கெனவே நிரூபிச்சுட்டீங்களே!"

வீட்டுக்காரர் நாலு மெஷின்களையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைக்கப் போய், பாதியில் நினைவு வந்து கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அக்கா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். காரணம் கேட்ட கட்டத்தில் 'அடையாளம் எங்கள் வீட்டிலேயே அழிக்கப்பட்டது' என்று நாலு முறை எழுதினார். முடக்கப்பட்ட நாலு கணக்குகளும் மதியத்துக்குள் திறந்தன. கடை இரண்டு மணிக்கு மூடப்பட்டது. நாலு பேரும் மோசடிக்காரர்கள் அல்ல என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவர்களில் ஒருவர் மோசடிக்காரர் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.